ராணி கால் கழுவிய தொட்டி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். ரேடியோவின் புளுகு பதினோரு வருடம் ஓடியது. சும்மாவும் ஓடவில்லை. மேல்கோட்டை வாசலில் ஒரு கடை, கடையில் அடுக்கடுக்காகத் தகரக் குவளை, குவளை வாங்க ஒரு வரிசை என்று குடும்பம் குட்டியோடு ஓடியது.

ரேடியோ என்பது சக வழிகாட்டிகள் அவளுக்கு வைத்த பெயர். காலை ஏழு மணிக்குக் கீழ்க்கோட்டை வாசலில் சுற்றுலா வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள் என்றால், பள்ளத்தாக்கின் ஓரமாக மூன்று மணி நேரம் ஏறி மேல்கோட்டையைக் காட்டி, ஆற்றங்கரை வழியாக இறங்கி, எல்லாரையும் பேருந்தில் ஏற்றிவிடும் வரைக்கும் மூட மாட்டாள். தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததை இன்னும் நன்றாகச் சொல்வாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பதை அவள் அளவுக்கு மதித்து நடந்தவர்கள் அந்த மலையில் யாரும் இல்லை.

அவள் வீட்டுக்காரருக்குத் தராசு என்று பெயர். ஐந்து மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். ஏற முடியாதவர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு குதிரைகள் கூட்டத்தின் பின்னால் வரும். எதைக் கேட்டாலும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்துத்தான் பதில் தருவார், தருவதும் கலப்படமில்லாத உண்மையாகத்தான் இருக்கும். "இந்தக் குதிரை சாதுவா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்து, "நேத்து ஒருத்தரைத் தள்ளிடுச்சு" என்பார். கேட்டவர் நடந்தே போய்விடுவார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். இவர்கள் கல்யாணத்தில் ஆயிரத்தையும் பெண் வீட்டார்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பதினோரு வருடப் புளுகு பிறந்தது ஒரு மழை நாளில். பன்னிரண்டு பேர் நனைந்துபோய், செருப்பில் சேறும் முகத்தில் கடுப்புமாக மேல்கோட்டை வாசலில் நின்றார்கள். மேகம் இறங்கியிருந்ததால் கோட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது, வாசலுக்கு இடப்பக்கம் கிடந்த ஒரு கல்தொட்டி மட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா, வழி நெடுக வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தவள், "இதாவது என்னன்னு சொல்லும்மா" என்று கேட்டாள்.

என்னவென்று ரேடியோவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மாமனார், அதாவது தராசின் அப்பா, குதிரைகள் தண்ணீர் குடிப்பதற்காகத் தன் கையால் வெட்டிய தொட்டி அது. ஆனால் மூன்று மணி நேரம் மழையில் ஏறி வந்தவளிடம் குதிரைத் தொட்டி என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"ராணி கால் கழுவின தொட்டிம்மா இது" என்றாள். "ராஜாவோட கோவிச்சுக்கிட்டு ராணி மேல்கோட்டையில வந்து உக்காந்துட்டா. யார் கூப்பிட்டும் இறங்கல. கடைசியில ராஜாவே ஏறி வந்தாரு, முழங்கால் வலி வேற அவருக்கு. இதுலேர்ந்து தண்ணிய மொண்டு ராணி காலைத் தன் கையால கழுவி விட்டாரு. ராணி சிரிச்சுட்டா. அன்னிலேர்ந்து, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு இந்தத் தண்ணிதான் மருந்து."

அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்த மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவள் காலில் ஊற்றினார். அவள் சிரித்துத் தொலைத்துவிட்டாள். முடிந்தது கதை. அடுத்த மாதமே ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தார்கள். கையால் அள்ளினால் தண்ணீர் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்த தராசின் தங்கை, தொட்டிக்கு எதிரிலேயே குவளைக் கடை போட்டாள். குதிரைகள் ஆற்றில் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டன.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தராசு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எப்போதும் பேசாதவர் என்பதால், பேசாமல் இருந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆதாரம் இல்லாத கதைகளைச் சொல்லும் வழிகாட்டிகளின் உரிமம் ரத்து செய்யப்படும். உரிமத்தைப் புதுப்பிக்கும் முன், ஆய்வாளர் ஒருவர் அடுத்த திங்கட்கிழமை பயணியாகக் கூட்டத்தோடு வருவார். அவர் யார் என்பது தெரிவிக்கப்படாது.

ரேடியோ தன் உரிம அட்டையை எடுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் தொங்கும் அட்டை அது. பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை உலகத்தில் எத்தனை இருக்கிறது? அது போய்விட்டால் நாத்தனார் கடையில் உட்கார்ந்து குவளை துடைக்க வேண்டியதுதான். அதற்கு ஆற்றிலேயே குதித்துவிடலாம்.

நாத்தனார் அன்றைக்கே ஓடி வந்தாள். "அண்ணி, மத்த இடத்துல எல்லாம் உண்மைய சொல்லிக்குங்க. தொட்டிகிட்ட வந்ததும் இருமல் வந்த மாதிரி இருமிக்கிட்டே தாண்டிடுங்க. என் பொழைப்புல மண்ணப் போட்டுடாதீங்க."

"எவ்வளவு நேரம்டி இருமுவேன்? எல்லாரும் அதைப் பார்க்கத்தானே வர்றாங்க!"

கடைசியில் லாயத்தில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போனாள். "என்னங்க, நான் என்னதான் சொல்றது?"

தராசு யோசித்தார். "உள்ளதைச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் ஒரே யோசனை அது. ரேடியோ முதல் தடவையாக அதைக் காதில் போட்டுக்கொண்டாள். அவளுடைய கஷ்டகாலம்.

ஆய்வு நாளில் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கீழ்க்கோட்டை வாசலிலேயே ரேடியோ ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒல்லியாக, பல பைகள் வைத்த சட்டை போட்ட ஒருத்தர், கையில் நோட்டுப் புத்தகத்தோடு எதையோ பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். வேறு யார் இருக்க முடியும்? புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பேருந்திலிருந்தே பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்த ஒரு டீச்சரும் அவள் வீட்டுக்காரரும். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர். அப்புறம் ஒரு குடைக்காரர். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, அவர் பாட்டுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு வறுகடலை கொறித்தபடி, உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்கி விழுந்துகொண்டு வந்தார்.

ரேடியோ நோட்டுக்காரரின் பக்கத்திலேயே நடந்தாள்.

"இந்தச் சுவர் ஆறடி அகலம். யார் கட்டினாங்கன்னு தெரியாது. எப்பக் கட்டினாங்கன்னும் தெரியாது."

"என்னதாம்மா தெரியும்?" என்றது கல்லூரிக் கூட்டம்.

"ஆறடின்னு தெரியும். அளந்து பார்த்திருக்கேன்."

வழக்கமாகத் தூங்கும் அரக்கன் என்று அவள் காட்டும் சிகரத்தை அன்று, "அது ஒரு மலை" என்று காட்டினாள். எதிரி மன்னன் தலைகீழாக விழுந்த பள்ளத்தை, "பார்த்து வாங்க, பள்ளம்" என்றாள். மாயக்குரல் கேட்கும் குகைக்கு வெளியே நின்று, "இங்க கத்தினா எதிரொலிக்கும், எல்லாக் குகையிலும் அப்படித்தான்" என்றாள். புதுமாப்பிள்ளை கொட்டாவி விட்டான். குடைக்காரர் குகை வாசலில் பத்து நிமிடம் நன்றாகவே தூங்கினார். ரேடியோவுக்குத் தன் வாயே வேறு யாருடையதோ போலிருந்தது. ஆனாலும் நோட்டுக்காரர் எழுதிக்கொண்டே வந்ததைப் பார்த்து, நூற்றுக்கு நூறு வாங்கப்போகிறோம் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

மேல்கோட்டை வந்ததும் டீச்சருடைய முகம் மாறியது. கைப்பையிலிருந்து வெள்ளைத்துணியில் சுற்றிய ஒரு குவளையை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றார். எல்லாரும் தொட்டியைச் சுற்றிக் கூடி ரேடியோவின் வாயைப் பார்த்தார்கள். எதிர்க் கடையிலிருந்து நாத்தனார் இருமிக் காட்டினாள்.

ரேடியோ மூச்சை இழுத்துவிட்டாள். "இது குதிரைக்குத் தண்ணி காட்டுற தொட்டி. வெட்டினது என் மாமனார். ராஜா காலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

கடையில் குவளை ஒன்று கீழே விழுந்து உருண்டது. பின்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற தராசு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன விளையாடுறீங்களா?" என்றாள் டீச்சர். "எங்க அக்கா இங்க வந்துட்டுப் போனப்புறம்தான் அத்தானோட பேசவே ஆரம்பிச்சா. நாலு மாசமா இந்த மனுஷனைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன். குதிரைத் தொட்டியாம்ல! ராணிய கேவலப்படுத்தறதுக்கு உங்களுக்குச் சம்பளமா?"

"உண்மையத்தான் சொல்றேன்மா."

"நீங்க பொய் சொல்றீங்க!"

இருபத்திரண்டு வருடத்தில் ரேடியோவைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது.

கீழே இறங்கியதும் வாசலில் இருந்த புகார்ப் புத்தகத்தில் ஏழு பேர் வரிசையில் நின்று எழுதினார்கள். 'வழிகாட்டி வரலாற்றைத் திரித்துப் பொய் கூறினார்.' நோட்டுக்காரர் மட்டும் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றிங்க. மொத்தம் இருபத்தேழு பறவை எழுதியிருக்கேன். நீங்க அதிகம் பேசாததால எதுவும் பறந்து போகல." குடைக்காரர் தராசிடம் போய் எந்தக் குதிரை சாது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் லாயத்தில் தராசு தானாகவே பேசினார். குதிரைகளே திரும்பிப் பார்த்திருக்கும்.

"அந்தக் கல்லுக்காக அப்பா மூணு மாசம் மலையெல்லாம் அலைஞ்சாரு. இன்னிக்குத்தான் அவரைப் பத்தி அங்க ஒரு பேச்சு வந்துச்சு."

ரேடியோ கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா உங்களுக்கு வருத்தமா?"

அவர் வழக்கம்போல நிறுத்துப் பார்த்தார். "ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கல."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரான் வீட்டுப் புருஷன் பெண்டாட்டியை எல்லாம் சேர்த்து வைத்தவள், சொந்த வீட்டு மனுஷனின் அப்பாவைத் தூக்கி ராணி காலடியில் போட்டிருக்கிறாள். அட்டை போனாலும் போகட்டும், இனிமேல் அந்தத் தொட்டியைப் பற்றி வாய் தவறியும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை சுற்றுலா அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். தராசு குதிரைகளை வெளியே வேலிக் கம்பியில் கட்டிவிட்டு நின்றுகொண்டார். உள்ளே, ஒரு கால் ஆடும் நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்தாள். எதிரே கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் வறுகடலைப் பொட்டலம். அதற்குப் பின்னால் குடைக்காரர்.

"நீங்களா சார்!"

"நான்தான்" என்றார் குடைக்காரர். அவளுடைய உரிமத்தை, தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்திருந்தார். "நான் தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன். எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. ரொம்பவே சரியா. தொட்டிகிட்டதான் கட்டுக்கதை விட்டுட்டீங்க."

"அதுதான் சார் உண்மை!"

அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அலுவலகம் எல்லா வழிகாட்டிகளுக்கும் இலவசமாகக் கொடுத்த வரலாற்றுக் கையேடு. ரேடியோவின் பிரதி ஆறு வருடமாக வீட்டு பீரோவின் காலுக்கு அடியில் இருந்ததால் அவள் படித்ததில்லை. படித்தாள். 'அரசர் தமது முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது மலையேறி வந்து...'

"கையேட்டுல இருக்கறது ஆதாரம்" என்றார் அவர். "அதுக்கு எதிரா சொன்னா கட்டுக்கதை."

"கையேட்டுக்கு இது எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

அவர் அடிக்குறிப்பைப் பார்த்தார். "'உள்ளூர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகக் கூறியது.'"

"அந்தப் பெரியவர்கள் நான்தான் சார்! எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு!"

குடைக்காரர் இரண்டு கடலையை வாயில் போட்டு மென்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் அலுவலகத்து மனுஷன். "அப்படின்னா நீங்க கதை கட்டினதா ஒத்துக்கறீங்க. அதுக்கு ரத்து. இல்ல, முந்தாநாள்வரைக்கும் சொன்னதுதான் சரி, நேத்து ஏதோ வேடிக்கைக்குச் சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுத்தா, ஒரு எச்சரிக்கையோட போயிடும். புதுப்பிச்சுடலாம். எது வேணும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். ஆனால் பதினோரு வருடம் கழித்து, அதுவும் உண்மை பேசிக் கெட்ட நுணல் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பேனா கைக்கு வந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும். வாழ்நாளெல்லாம் எத்தனையோ விட்டிருக்கிறாள், இது ஒரு பெரிய பொய்யா? ஆனால் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"என்னால எழுத முடியாது சார். என் மாமனார்தான் வெட்டினாரு."

குடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. நேத்து அவர்கிட்ட குதிரை சாதுவான்னு கேட்டேன். 'கடிக்காது, ஆனா உங்க எடைக்குப் படுத்துடும்'னாரு. அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. அவர் சொல்றதை எழுதிக்கறேன், அதுதான் முடிவு."

தராசு வந்து நின்றார். ஆய்வாளர் கேட்டார், "அந்தத் தொட்டி உங்கப்பா வெட்டினதா?"

ரேடியோவுக்குப் பதில் தெரியும். அவர் ஆமாம் என்பார். உரிமம் போகும். போகட்டும், உண்மையாவது நிற்கும். தராசு மேசையைப் பார்த்தார். மூடி வைத்த பேனா, எழுதாத தாள், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் உரிமத்தில் ஒட்டியிருந்த, இருபத்திரண்டு வருடம் முன்னால் எடுத்த ஒரு சின்னப் படம், அதிலும் வாயைத் திறந்துகொண்டிருந்த அவள். நிறையவே நேரம் எடுத்துக்கொண்டு நிறுத்தார்.

"இல்லீங்க" என்றார். "எங்கப்பாவுக்கு உளி பிடிக்கவே தெரியாது. அது ராணி காலத்துத் தொட்டி. இவ நேத்து சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா."

அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

"பொய் சார்!" ரேடியோ எழுந்த வேகத்தில் ஆடுகால் நாற்காலி பின்னால் விழுந்தது. "இவர் பொய் சொல்றாரு சார்!"

"இவரா?" குடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "யார்கிட்டம்மா கதை விடறீங்க?"

முத்திரை விழுந்தது. ஐந்து வருடத்துக்கு.

வெளியே வந்து தராசு, குதிரைகளுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரில் பாதியைத் தானே குடித்தார். ரேடியோ உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க? இனிமே நான் நெருப்புல நின்னு சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்களே! உங்க வாயாலயே முடிச்சுட்டீங்களே!"

"நீ பேசாம வீட்டுல உக்காந்திருந்தா என்னால பார்க்க முடியாது."

"மாமாவுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"அப்பா கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "கொஞ்சம் கோவிச்சுக்குவாரு."

அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் ஆனால் ரேடியோ லாயத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் கேள்வி கேட்பதும் அவர் நிறுத்து நிறுத்துப் பதில் சொல்வதுமாகப் போயிற்று. அவர்கள் வீட்டில் இதற்கு முன் நடக்காத அதிசயம்.

அடுத்த கூட்டம் பெரிய கூட்டம், இருபது பேர். அரக்கன் மறுபடியும் தூங்கினான். எதிரி மன்னன் வழக்கம்போலத் தலைகீழாக விழுந்தான். மேல்கோட்டையில் நாத்தனார் புதுக் குவளைகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றதும் ரேடியோ குரலைத் தாழ்த்தினாள்.

"ராணி கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, ராஜா ஏறி வந்தாரு. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா தொட்டி யாரு வெட்டினது? அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ராணிக்குன்னு ஒரு குதிரைக்காரர் இருந்தாரு. குட்டையான மனுஷன். வலது காது கொஞ்சம் மந்தம். இடது கையால மட்டும்தான் உளி பிடிப்பாரு. கல்லுல அடி தப்பினா கல்லைத் திட்ட மாட்டாரு, தன்னைத்தான் திட்டிக்குவாரு. தொட்டிய முடிச்சதும் முதல் தண்ணிய ராணிக்குக் கொடுக்கல. தன் குதிரைக்குக் கொடுத்தாரு. 'ராணி அப்புறம் குடிக்கட்டும், இது காலையிலேர்ந்து நடந்திருக்கு'ன்னாரு. ராணி கேட்டுட்டு, இப்படிப்பட்ட ஆள் வெட்டின தொட்டியிலதான் என் கால் படணும்னு சொல்லிட்டா."

கூட்டம் அந்தத் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தது. ஒரு பெரியவர், "பலே ஆளுய்யா!" என்றார்.

"இடது கை மட்டும் இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இருபது தலைகளும் திரும்பின. குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் வந்தவர்களிடம் குதிரையைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாத தராசு நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு கையாலயும் அடிப்பாரு. இது வலிச்சா அது."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் ஒரு பெண்.

ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். தராசு அவசரப்படாமல் யோசித்தார்.

"எங்க வீட்டுல சொல்வாங்க" என்றார்.